அடுத்தாள்

எழுத்தாளன் என்ன வேலை பார்த்துப் பிழைக்கிறான் என்று நம் சிறு பத்திரிகைகள் கேட்டுக்கொள்வதில்லை. கேட்பது ரஸக்குறைவு என்ற எண்ணம். தபால் ஆபீஸிலும் ரெவின்யூ இலாகாவிலும் பாங்கிலும் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்கள் எழுதியது நம் நவீன இலக்கியத்தில் கணிசமான பகுதி. அந்த நாற்காலி அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதற்கு எழுத்தில் சாட்சியம் குறைவு. வேலை கவிதைக்கு இடைஞ்சல், இடைஞ்சலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம். இந்த மௌனம் எனக்கு ஒப்பவில்லை. ஒரு மனிதன் இருபது வயதில் யார் பக்கத்தில் உட்கார்ந்து எதைக் கற்றுக்கொள்கிறான் என்பது, பிறகு அவன் எதை எப்படிப் பார்க்கிறான் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் நான்கு வருஷம் ஒரு பெரிய கணினி ஸ்தாபனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே முதுகலைப் பட்டம் வாங்கியவன். வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், சனிக்கிழமை வகுப்பு. சம்பளம் கொடுப்பதும் பட்டத்துக்கான கட்டணத்தைக் கட்டுவதும் ஒரே முதலாளி. இங்கிலாந்தில் 2015-லிருந்து இம்மாதிரி ஏற்பாட்டைப் பட்டத்துடன் கூடிய தொழிற்பயிற்சி என்று கொண்டாடுகிறார்கள். நம்மிடம் அதற்கு முன்பே இருந்தது. பிலானியில் இருக்கும் பிட்ஸ், வேலையில் இருப்பவர்களுக்கான பட்ட வகுப்புகளை 1979-லேயே ஆரம்பித்துவிட்டது. விப்ரோ 1995-ல் பிட்ஸுடன் சேர்ந்துகொண்டு, பி.எஸ்ஸி. படித்தவர்களை எடுத்து, வேலை கொடுத்து, வேலைக்கிடையில் எம்.எஸ். பட்டமும் கிடைக்கும்படி செய்தது. எச்.சி.எல். பிளஸ் டூ முடித்த பையன்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து, வேலையில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகப் படிப்பிலும் சேர்த்துவிடுகிறது. ஸோஹோ இன்னும் ஒரு படி போய், உதவித்தொகை கொடுத்துத் தானே கற்பிக்கிறது. பட்டம் என்ற சமாசாரமே அங்கே கிடையாது. நான் 2003-ல் சேர்ந்தது இவை எதிலும் இல்லை, இவற்றைப் போன்ற வேறொன்றில். அதன் பெயர் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

கல்லலில் பிறந்தவனுக்கு இந்த ஏற்பாடு அடியோடு புதிதாகப் படாது. எங்கள் ஊர் நகரத்தார் ஊர்களில் ஒன்று. காரைக்குடியிலிருந்து மானாமதுரை போகிற ரயில் பாதையில் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் சிலோனிலும் லேவாதேவிக் கடை வைத்திருந்த காலத்தில் இந்த ஊர்களிலிருந்து பையன்கள் பள்ளிக்கூட வயதிலேயே கப்பலேறினார்கள். போனதும் பெட்டியடிப் பையன். கடை என்பது தரையில் போட்ட ஒரு மரப்பெட்டி. அதன் முன்னால் உட்கார்ந்து எழுதுவதுதான் வியாபாரம். பையன் பெட்டியின் அடியில் உட்கார்ந்து சில்லறை வேலைகள் செய்து, கணக்கு பார்க்கப் பழகி, சில வருஷங்களில் அடுத்தாள் ஆவான். பிறகு கெட்டிக்காரனாக இருந்தால் மேலாள். கடையையே நடத்தும் ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்தால் ஊருக்கு வந்துவிட்டு மறுபடியும் போக வேண்டும். 1930-ல் பர்மா பாங்கிங் விசாரணைக் கமிட்டி எடுத்த கணக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன. இத்தனை கடைகளையும் நடத்திய ஆட்களைத் தயார் செய்ய ஒரு பள்ளிக்கூடம் கிடையாது, ஒரு புத்தகம் கிடையாது. அடுத்தாள் என்ற பெயரே பாடத்திட்டம். மேலாளுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவன் அடுத்தாள். அவர் வட்டி போடுவதைப் பார்க்கிறான், கடன் கேட்டு வந்தவனின் முகத்தை அவர் பார்க்கும் விதத்தைப் பார்க்கிறான், பேரேட்டில் அவர் எழுதுவதை எழுதுகிறான்.

இதை ஊர்ப்பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு அதில் பெருமை கொள்ள உரிமையும் இல்லை. நாங்கள் நகரத்தார் அல்ல. அப்பாவைப் பெற்ற ஐயா மோல்மேனில் ஒரு கடையில் சமையல் வேலைக்குப் போனவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தில் ஒருவர். சாகும்வரை அவருக்கு முந்திரி வாய்பாடு ஒப்பித்தபடி தெரியும். முந்திரி என்பது 320-ல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. முந்திரியை மறுபடியும் 320-ஆகப் பிளந்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒன்று. கடைப் பையன்கள் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்ததை அடுப்படியில் இருந்தபடி காதால் கேட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். "எனக்குக் கணக்கு வரும்டா. கணக்குப் புஸ்தகம்தான் கைக்கு வரல." குறையாகச் சொல்லவில்லை, நிலவரமாகத்தான் சொன்னார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் பத்தடி தூரம் இருந்திருக்கும். அந்தப் பத்தடியைப் பிறப்பு அளந்து வைத்திருந்தது. அடுத்தாள் முறையின் அருமையைப் பேசுகிறவர்கள் அடுத்து உட்கார யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

காரைக்குடியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு நான் பரீட்சை எழுதிச் சென்னைக்குப் போனபோது யார் வீட்டுப் பையன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கும் கொஞ்சம் இங்கிலீஷும் வருமா என்று பார்த்தார்கள். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். இந்தப் புதிய முறைக்கு எதிராக என்ன சொன்னாலும் இந்த ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். என்ஜினீயரிங் சேரப் பணமில்லாத குடும்பத்துப் பையன் மாதம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதில் பாதியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டு, முதுகலை படித்தான். ஐயா காதால் கேட்டதை நான் உட்கார்ந்து கேட்டேன்.

முதல் ஆறு மாதம் வகுப்பறை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் வேலைக்குப் போட்டார்கள். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் புரோகிராம்கள். கோபால் என்ற மொழியில் எழுதியவை. 1959-ல் உருவாகி, வியாபாரக் கணக்குக்காகவே வளர்ந்த மொழி. ஒவ்வொரு புரோகிராமின் தலைப்பிலும் எழுதியவரின் இனிஷியல், தேதி, எதற்காக மாற்றினார் என்று ஒரு வரி. 1978, 1983, 1991 என்று போய்க்கொண்டிருக்கும். எங்கள் ஊர்க் கடைகளுக்கும் முழுப் பெயர் கிடையாது, விலாசம் என்று இனிஷியல்கள்தான். முகம் தெரியாத ஒரு ஆள் 1978-ல் ஒரு வரியை ஏன் அப்படி எழுதினான் என்று நான் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். அவன் சோம்பேறியா, ஜாக்கிரதைக்காரனா, அவசரத்தில் இருந்தானா என்பது கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். கவிதையை வரி வரியாகப் படிப்பதற்குத் தேவையான பொறுமையை நான் விமர்சனக் கட்டுரைகளிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை, இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்த ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம். அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரும் தம்பி என்றார். ஆபீஸில் எங்கள் இருவருக்கும் இடையில் மட்டும் ஓடிய தமிழ் அது. அவர் எனக்கு எதையும் விளக்கிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. நான் வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு பார்வை பார்ப்பார். அவசரப்பட்டு எதையாவது மாற்றப் போனால், "கீபோர்டுலேர்ந்து கையை எடு தம்பி. முதல்ல வாசி" என்பார். புரோகிராம் பாதியில் விழுந்துவிட்டால் கணினி தன் ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் அப்படியே காகிதத்தில் கொட்டிவிடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் புகுந்துவிட்டால்கூட விழும். அந்தக் குவியலில் அந்த ஒரு வெற்றிடத்தைத் தேட அவர் எனக்குப் பழக்கினார். தன் வேலையை நிறுத்திவிட்டு, நான் தேடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவர் பழக்கிய விதம்.

படிப்பும் வேலையும் ஒன்றையொன்று தொட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்தில் அப்படிப்பட்டவை அதிகம் இல்லை. பழைய கோபால் புரோகிராம் ஒன்றைப் புதிய மொழிக்கு மாற்றியிருந்தார்கள். பிரீமியம் கணக்கில் சில பாலிஸிகளில் மட்டும் ஒரு சென்ட் இடித்தது. அக்கா இரண்டு கணக்குத் தாள்களையும் என்னிடம் கொடுத்து, பார் என்றார். இரண்டு வாரம் முன்னால் சனிக்கிழமை வகுப்பில் எண்களைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்று ஒரு பாடம் நடந்திருந்தது. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவது. பத்தில் ஒன்று என்ற சாதாரணப் பின்னம் அதில் முடிவதே இல்லை. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதப் போனால் 3, 3, 3 என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதைப் போல. எங்கேயோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். கோபால் பணத்தை அப்படி வைப்பதில்லை. பத்துப் பத்தாகவே வைத்துக்கொள்கிறது. புள்ளி எங்கே இருப்பதாகப் பாவிக்க வேண்டும் என்று ஒரு குறி, அவ்வளவுதான். புதிய மொழியில் மாற்றியவர் இதைக் கவனிக்காமல் பின்ன எண்ணாகப் போட்டுவிட்டார். வெட்டிய துணுக்குகள் சேர்ந்து ஒரு சென்ட் ஆகியிருந்தது.

சொன்னேன். அக்கா உடனே நம்பவில்லை. "ஒரே ஒரு பாலிஸியைக் காகிதத்தில் போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். அவர் பத்து நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு, "நீயே எழுதி அனுப்பு" என்றார். அன்று ராத்திரி விடுதியில் ஐயாவின் முந்திரி ஞாபகத்துக்கு வந்தது. 320 என்ற எண்ணை உடைத்துப் பார்த்தால் இரண்டும் ஐந்தும்தான் இருக்கின்றன. முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால் எல்லாமே இரண்டாலும் ஐந்தாலும் ஆன பின்னங்கள். எதைத் தசமத்தில் எழுதினாலும் ஓரிடத்தில் நிற்கும். முந்திரி 0.003125, அத்தோடு முடிந்தது. வட்டிக் கணக்கு போட்டவர்களுக்கு நிற்காத பின்னம் உதவாது. இதை எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை ஒருவர் பலகையில் எழுதியது, திங்கட்கிழமை ஒருவர் கையில் கொடுத்தது, அடுப்படியிலிருந்து ஒருவர் கேட்டுவைத்தது, மூன்றும் சேர்ந்து எனக்குக் கிடைத்தன. பட்டத்தோடு கூடிய தொழில் பழக்கம் என்பதற்கு அர்த்தம் ஒன்று உண்டானால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கம் உண்டு. மூன்றாவது வருஷத்தில் செமஸ்டர் பரீட்சையும் புதிய சிஸ்டம் துவக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. மேனேஜரிடம் போனால், படிப்பு உன் சொந்த விஷயம் என்றார். பல்கலைக்கழகத்தில் கேட்டால், உன் முதலாளியிடம் பேசிக்கொள் என்றார்கள். லீவு கேட்கும்போது நாங்கள் ஊழியர்கள், சம்பள உயர்வு கேட்கும்போது மாணவர்கள். நடுவில் விட்டுப் போனால் பணம் கட்டுவதாக அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஜாமீன் மதிப்புக்கு எங்களிடம் சொத்து இல்லாததால் பக்கத்து வீட்டு வாத்தியாரும் கூடவே போட்டார். 1961-ம் வருஷத்துத் தொழிற்பயிலுநர் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிலுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்ல என்று சொல்கிறது; தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. எங்கள் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது அல்ல. மனோபாவம் அதுவேதான். உழைப்பு முழுசாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, உழைப்பவன் என்ற பெயர் மட்டும் ஒத்திப்போடப்படுகிறது. பெட்டியடிப் பையனுக்கும் இதே கதிதான் என்றாலும், அவன் ஒருநாள் சொந்தக் கடை வைப்பான் என்று அவனும் மேலாளும் ஊரும் சேர்ந்து எதிர்பார்த்தார்கள். எங்களிடம் அப்படி யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பட்டம் கைக்கு வந்தபின் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மனுப்போட்டேன். நேர்முகத்தில் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெகுலரா?" என்று கேட்டார்கள். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் நாலு வருஷம் என்றேன். அது அவர்கள் கேள்விக்குப் பதில் அல்ல. கல்யாணப் பேச்சிலும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்தது நம் சமூகத்தில் எப்போதும் அரைப் படிப்பு. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பது முழுப் படிப்பு. கையால் கற்பதற்கும் புத்தகத்தால் கற்பதற்கும் நடுவில் நாம் ஒரு சுவர் வைத்திருக்கிறோம். அந்தச் சுவரை யார் எதற்காகக் கட்டினார்கள் என்று தெரிய இந்த நாட்டில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் இருபது வருஷத்துக்கு முந்திய கதை. எழுதத் தூண்டியது என் அக்கா மகன். 2020-ல் பிளஸ் டூ முடித்தவன், மறு வருஷம் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் இதே மாதிரித் திட்டத்தில் சேர்ந்தான். ஊரடங்குக் காலம். பயிற்சி முழுவதும் கல்லலில், வீட்டு மொட்டை மாடியில், ஸிக்னல் கிடைக்கும் மூலையில். காதில் கருவி. பேசுகிறவர் முகம் தெரியாது, கூடப் படிக்கும் பையன்கள் திரையில் பெயர்களாக இருந்தார்கள். சந்தேகம் கேட்க ஒரு படிவம். பதிலாக ஒரு சுட்டி வரும். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டபோது, "வேலை பரவால்ல மாமா. பக்கத்துல யாரும் இல்ல, அதான்" என்றான். பிறகு ஊரடங்கு முடிந்து மதுரைக்குப் போனான். ஆபீஸ் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் அடுத்த நாற்காலி காலி. இப்போது அவன் சந்தேகங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்கிறது, சலித்துக்கொள்வதில்லை, தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்கிறது. இங்கிலீஷில் வாய் திறக்கக் கூச்சப்படும் பையனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அவனுடைய கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த தூரத்தை அது குறைத்திருக்கிறது.

ஆனாலும் அது அவன் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் கேட்காததைப் பார்த்தார். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதானே கற்க வந்தவனின் நிலைமை. தெரிந்திருந்தால் அவன் பாதி கற்றுவிட்டான். கை கீபோர்டை நோக்கிப் போவதை ஒருவர் பார்த்து நிறுத்துவதற்கு அந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவருக்கு அதற்கு நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஸ்தாபனம் சம்பளம் கொடுக்க வேண்டும். விஷயம் கடைசியில் இந்தப் பைசாக் கணக்கில் வந்து நிற்கிறது. பாடத்தை ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் நடத்திவிடலாம், பரீட்சையை வைத்துவிடலாம், பட்டத்தையும் அச்சடித்துவிடலாம். அடுத்து உட்காருவதை மட்டும் ஒருவருக்கு ஒருவராகத்தான் செய்ய முடியும். ஆகவே முதலில் சிக்கனம் பிடிக்கிற இடம் அதுவாக இருக்கிறது.

பழைய முறை திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வந்தால் எனக்கு மறுபடியும் அடுப்படிதான். கதவு எல்லோருக்கும் திறந்தது நம் காலத்தின் லாபம். திறந்த கதவு வழியாக உள்ளே போன பையன் ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருந்தால் அந்த லாபத்தில் பாதி போய்விடுகிறது. பிரிட்டனில் 2017-லிருந்து பெரிய முதலாளிகள் சம்பளப் பட்டியலில் அரை சதவிகிதத்தைத் தொழிற்பயிற்சிக்கென்று வரியாகக் கட்டுகிறார்கள். இங்கே 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப் படிப்புக்குள் தொழிற்பயிற்சியைச் சேர்க்க வழிமுறைகள் வெளியிட்டது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு, மாணவர்களுக்குத் தொழில்திறன் பழக்க 'நான் முதல்வன்' திட்டத்தைத் துவக்கியது. எல்லாம் நல்லதற்கே. இவற்றைப் பற்றி எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்குகள் பேசப்படுகின்றன. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் விஷயம் தெரிந்த ஒருவர் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் இருந்தார் என்ற கணக்கையும் யாராவது கேட்டால் நன்றாயிருக்கும்.

நம் சிறு பத்திரிகை உலகத்துக்கும் இது அந்நியமான கேள்வி அல்ல. நமக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரி வேண்டாம் என்று சொன்னதில்தான் பலர் எழுத்தாளர் ஆனார்கள். அந்தத் திண்ணைகளிலும் அறைகளிலும் யாருக்கு இடம் இருந்தது, யார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டு போனார்கள் என்பது நாம் அதிகம் பேசிக்கொள்ளாத இன்னொரு விஷயம்.

அக்கா பத்து வருஷத்துக்கு முன்பே அந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் இப்போது இருக்கும் ஆபீஸில் என்னிடம் இரண்டு பயிலுநர்களை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒருத்தி பரமக்குடி, ஒருவன் ஆத்தூர். புதன்கிழமை மத்தியானங்களில் என் வேலையை ஒதுக்கிவிட்டு அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நேரக் கணக்குப் படிவத்தில் இடமில்லை. இதரம் என்று போட்டு அனுப்புகிறேன்.